மோட்டார் சுருதி

இரைச்சலை நீக்கும் மென்பொருள் என் கைக்கு வந்த நாளில் எனக்குத் தலைக்கனமும் சேர்ந்தே வந்தது. இரண்டாயிரத்து நான்கு வாக்கில், தேனியில் நான் டிப்ளமோ படித்த கம்ப்யூட்டர் சென்டரில் அதை ஒரு சிடியில் ஏற்றிக் கொடுத்தார்கள். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தச் சிடியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "என்னத்தா, மாப்பிள்ள போட்டோவா?" என்று கேட்டார். "அதுக்கும் மேல" என்றேன். அவர் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்.

அந்த மென்பொருளின் வேலை, கேட்பதற்கு எளிது. பழைய கேசட்டிலிருந்து பாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பாட்டு தொடங்குமுன் வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும் ஓர் இடத்தை மவுசால் இழுத்துக் காட்டி, 'இதுதான் வேண்டாத சத்தம், நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்' என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அது பார்த்து வைத்துக்கொள்ளும். பிறகு முழுப் பாட்டையும் கொடுத்தால், களை எடுப்பது போல அந்தச் சத்தத்தைத் தேடித் தேடிப் பிடுங்கிவிடும். எவ்வளவு பிடுங்க வேண்டும் என்று சொல்வதற்குத் திரையில் ஓர் இழுப்பான் உண்டு, பூச்சியத்திலிருந்து நூறு வரை. மற்றவர்கள் எதில் வைப்பார்களோ தெரியாது, நான் நூறில்தான் வைப்பேன். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

எங்கள் வீடு ஓடைப்பட்டிக்கு வெளியே, அப்பாவின் திராட்சைத் தோட்டத்துக்குள் இருந்தது. தோட்டத்து வாசலில், 'பழைய கேசட்டுகள் சுத்தம் செய்து சிடியாகத் தரப்படும்' என்று நானே பெயின்டில் எழுதி ஒரு போர்டு மாட்டினேன். 'சுத்தம் செய்து' என்பதை மட்டும் படித்துவிட்டு ஒருவர் மருந்தடிக்கும் ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். வந்தவரைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் அதைக் கழற்றி அடைப்பெடுத்துக் கொடுத்தேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இந்தத் தொழிலு நல்லாருக்கே ஆத்தா, இதையே செய்யி" என்றார். நான் போய்ப் போர்டில் 'கேசட்டுகள்' என்பதை இன்னும் தடிப்பாக எழுதினேன்.

முதல் பெரிய வேலை, ஊர்ப் பெண்கள் கொண்டுவந்த கும்மிப் பாட்டு கேசட். முளைப்பாரிக்கு அவர்களே பாடியது. பாட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் தாளம் பிடிக்கும் கைத்தட்டு மட்டும் கேட்டது. பாட்டு இல்லாத இடம்தானே என்று அதை இழுத்துக் காட்டி, நூறில் வைத்து அழுத்திவிட்டேன். மென்பொருள் சொன்னதைச் செய்தது. பாட்டு இருந்தது, தட்டைக் காணவில்லை. சிடியைப் போட்டுக் கேட்ட பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவர், "ஏத்தா, நாங்க என்ன கையில்லாத கூட்டமா? இடுப்புல கைய வச்சுக்கிட்டா கும்மியடிச்சோம்?" என்று கேட்டார். என் தங்கச்சி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தாள். மறுபடி செய்து கொடுத்தேன். ஆனாலும் நூறின் மேல் எனக்கிருந்த நம்பிக்கை குறையவில்லை. தப்பான இடத்தைக் காட்டியது நான், பாவம் மென்பொருள் என்ன செய்யும்?

தங்கச்சி அப்போது ப்ளஸ் டூ முடித்துவிட்டுத் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள். மோட்டார் ஓடும் நேரம் முழுக்க மண்வெட்டியோடு வாய்க்காலிலேயே நடந்து, ஒவ்வொரு பாத்தியாக வெட்டித் திருப்பிவிடும் வேலை. அந்த நேரம் முழுக்கப் பாடுவாள். சினிமாப் பாட்டில் தொடங்கி, வரி மறந்துபோன இடத்திலிருந்து சொந்தமாகக் கட்டிப் பாடுவாள். ஆடி மாதம் மேற்கு மலையிலிருந்து இறங்கும் மேல்காற்று எங்கள் திராட்சைப் பந்தலைத் தாங்கும் கல்லுக்கால்களைப் படுத்துகிற பாடு கொஞ்சமல்ல. அந்தக் காற்றைத் திட்டி அவள் கட்டிய பாட்டு பக்கத்துத் தோட்டங்களிலும் பிரபலம். 'காத்தே காத்தே மேகாத்தே, எங்க கல்லுக்கால ஆட்டாத மேகாத்தே' என்று தொடங்கும். ஒவ்வொரு வரியும் சுற்றிச் சுற்றி அந்தக் 'காத்தே'யில் வந்துதான் உட்காரும்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை, ரேடியோவில் பாட வேண்டும். எங்கள் பக்கம் தோட்ட வேலை செய்பவர்கள் பந்தல் கம்பியில் ரேடியோவைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் வேலை பார்ப்பார்கள். அந்தக் கம்பியிலிருந்து தன் குரல் வர வேண்டும் என்பாள். அந்த வருடம் நாட்டுப்புறப் பாட்டுப் பாடுகிறவர்கள் தெளிவாகப் பதிவு செய்து அனுப்பலாம் என்று வானொலியிலேயே அறிவிப்பு வந்தது. அப்பா குறுக்கே நிற்கவில்லை. ஆனால் நிபந்தனை போட்டார்.

"ஒரு தடவ அனுப்பிப் பாரு ஆத்தா. எடுத்துக்கிட்டாகன்னா பாடு, நான் வேண்டாங்கல. எடுக்கலைன்னா பாட்டுப் பேச்ச விட்டுட்டு டீச்சர் ட்ரெயினிங் சேந்துறணும். என்னா?"

அவள் சரி என்று தலையாட்டிவிட்டாள். மாட்டிக்கொண்டது நான். பதிவு செய்து தரவேண்டியவள் நானல்லவா.

அனுப்புவதற்கு முன்னால் விஷயம் தெரிந்த ஒருவரிடம் பாடிக் காட்டலாம் என்று, சின்னமனூரில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் ஒருவரிடம் அவளைக் கூட்டிப்போனேன். நல்ல மனிதர். டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பாடச் சொன்னார். தங்கச்சி பாடப் பாட அவர் ஒரு வெள்ளைக் கட்டையைத் தொட்டார், முகம் சுளித்தார். அடுத்திருந்த கருப்புக் கட்டையைத் தொட்டார், இன்னும் சுளித்தார். வெள்ளை, கருப்பு, வெள்ளை, கருப்பு என்று மாறி மாறித் தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிட்டார்.

"பாப்பா, அஞ்சு கட்டையிலயும் நீ இல்ல, அஞ்சரையிலயும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல நிக்கிற. கொரலு அருமையான கொரலு. சுருதிதான் இல்ல."

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஓடைப்பட்டி நெருங்கியதும், "சுருதி இல்லாதவ எதுக்குக்கா பாடணும்?" என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில், "அந்தாளு கீபோர்டுல கோளாறுடி. கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவுல ஒரு கட்ட வைக்காம விட்டுட்டானுக" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

சரி, பதிவிலாவது அசத்திவிடுவோம் என்று இறங்கினேன். அங்கே குறுக்கே நின்றது மோட்டார்.

எங்கள் வீட்டுக்கும் மோட்டார் அறைக்கும் இடையில் ஒரே சுவர். அப்பாவுக்கு அந்த மோட்டார் மேல் இருந்த பாசத்தில் பாதி எங்கள் மேல் இருந்திருந்தால் நாங்கள் கெட்டுப் போயிருப்போம். விவசாயத்துக்கான த்ரீ பேஸ் கரண்ட் தினமும் சில மணி நேரம்தான் வரும். மீதி நேரத்துக் கரண்டில் விளக்கு எரியும், மோட்டார் ஓடக்கூடாது. அது ஏட்டுக் கணக்கு. எங்கள் பக்கம் எல்லா மோட்டார் அறையிலும் கண்டன்சர் என்று ஒரு பெட்டி இருக்கும். அதைப் போட்டுவிட்டால் அந்தக் கரண்டிலும் மோட்டார் ஓடும். ஆகவே கரண்ட் இருந்தால் மோட்டார் ஓடும். மோட்டார் நின்றால் கரண்ட் இல்லை என்று பொருள். கரண்ட் இல்லாவிட்டால் என் கம்ப்யூட்டர் எப்படி ஓடும்?

"அப்பா, ஒரு பாட்டு பாடி முடிக்கிற நேரம் மட்டும் நிறுத்துங்கப்பா."

"பிஞ்சு விட்டுருக்கு ஆத்தா. இப்பப் போயி தண்ணிய நிறுத்தச் சொல்றியே."

பிஞ்சு பெரிதான பிறகு கேட்டால், காய் திரளுகிற நேரம் என்பார். திராட்சைக்குத் தண்ணீர் காட்டக்கூடாத நாட்களில் அவருக்கு வாழை ஞாபகம் வந்துவிடும். "என் நிச்சயதார்த்தத்தன்னைக்கே இவன் ஓடிக்கிட்டுத்தான் இருந்தான். உங்கம்மா வீட்டு ஆளுகளுக்குச் சத்தம் போட்டுத்தான் பொண்ணு புடிச்சிருக்குன்னு சொன்னேன்" என்று பெருமையடிப்பார். அம்மா அடுப்படியிலிருந்து, "அதுதான் எனக்கு வெளங்காமப் போச்சு" என்பாள். பக்கத்துத் தோட்டத்துக்குப் போனால் பக்கத்துத் தோட்டத்து மோட்டார். ஊருக்குள் போனால் பஸ், ஒலிபெருக்கி, கோழி.

ஓடட்டும், எனக்கென்ன என்று விட்டேன். இதற்காகத்தானே மென்பொருள் இருக்கிறது. மைக்கைப் பிடித்து, முதலில் வெறும் மோட்டார் சத்தத்தைக் கொஞ்சம் பதிந்துகொண்டேன். பிறகு தங்கச்சி பாடினாள். அன்று அவள் பாடியதைக் கேட்டு எனக்கே கண் கலங்கிவிட்டது. மோட்டாரை இழுத்துக் காட்டினேன், இழுப்பானை நூறுக்குத் தள்ளினேன், அழுத்தினேன்.

மோட்டார் போயே போய்விட்டது. அந்த வீட்டில் கரண்ட் இருக்கும்போது அப்படி ஓர் அமைதியை நாங்கள் கேட்டதே இல்லை. இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். குதித்துக்கொண்டிருக்கும்போதே பாட்டு தொடங்கியது. "கா..." என்று வந்தது. அதற்குமேல் வரவில்லை. மறுபடி, "கா... மே... கா..." என்றது. ஒவ்வொரு வரியும் வந்து உட்காரப் போகும் நேரத்தில் யாரோ நாற்காலியை இழுத்துவிட்டார்கள். குரல் மேலே ஏறும்போது துல்லியமாகக் கேட்டது, கீழே வந்து நிற்கும் இடமெல்லாம் குளுகுளுவென்று தண்ணீருக்குள் போனது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா பதறிப்போய், "யாரு ஆத்தா, கெணத்துக்குள்ள விழுந்துட்டாகளா?" என்று கேட்டார்.

எண்பதில் வைத்தேன், அறுபதில் வைத்தேன். தண்ணீரின் ஆழம் குறைந்ததே தவிர ஆள் கரையேறவில்லை. தங்கச்சி, "விட்டுருக்கா, எனக்குத்தான் சுருதி இல்லைன்னாகள்ல. கம்ப்யூட்டருக்கும் அது தெரிஞ்சு போச்சு" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என்ன நடக்கிறது என்று பார்த்தே தீருவது என்று உட்கார்ந்தேன்.

அந்த மென்பொருளில் ஒலியைப் படமாகக் காட்டும் ஒரு வசதி உண்டு. கீழே தாழ்ந்த ஒலி, மேலே உயர்ந்த ஒலி, சத்தம் இருக்குமிடத்தில் ஆரஞ்சு நிறம். நீக்குவதற்கு முன்னிருந்த பதிவைப் படமாகத் திறந்தேன். மோட்டார் சத்தம் நூல் பிடித்துக் கோடு போட்டாற்போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கைக் கோடுகளாக நின்றது. தங்கச்சியின் குரல் அந்தக் கோடுகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து ஓடியது. ஓடி, ஒவ்வொரு 'காத்தே'க்கும் நேராக வந்து ஒரு கோட்டின் மேல் உட்கார்ந்தது. பக்கத்தில் இல்லை, கொஞ்சம் மேலே கீழே இல்லை. கோட்டின் மேலேயே. எந்த வரியைப் பார்த்தாலும் அதே கோடு. மென்பொருள் மோட்டாரைப் பிடுங்கும்போது அதன் மேல் உட்கார்ந்திருந்தவளையும் சேர்த்துப் பிடுங்கியிருக்கிறது.

நான் போட்ட கத்தலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"அடியே! உனக்குச் சுருதி இருக்குடி! மோட்டார் சுருதி!"

அவளுக்குப் புரியவில்லை. தரதரவென்று மோட்டார் அறைக்கு இழுத்துப்போய் நிறுத்தினேன். "பாடு" என்றேன். பாடினாள். 'காத்தே' வந்ததும், "அப்படியே நிறுத்தாம இழு" என்றேன். இழுத்தாள். அவள் குரல் எங்கே, மோட்டார் எங்கே என்று பிரிக்க முடியவில்லை. அவள் கண்கள் மெல்லப் பெரிதாயின. சிறு வயதிலிருந்து மோட்டார் ஓடும்போது மட்டுமே பாடியவள் அவள். தண்ணீர் கட்டும் நேரம்தானே பாட்டு நேரம். அது எந்தக் கட்டையில் முனகியதோ அந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். அஞ்சுக்கும் அஞ்சரைக்கும் நடுவில் நின்றது அவளில்லை, அப்பாவின் மோட்டார்.

"அப்ப நான் சரியாத்தான் பாடுறேனாக்கா?"

"சரியாவா? நூல் புடிச்சு நிக்கிறடி!"

இருவரும் அந்தக் கிரீஸ் நாற்றத்துக்குள் நின்று சிரித்தோம். அவள் சிரித்துச் சிரித்து அழுதுவிட்டாள். அப்பா எட்டிப் பார்த்து, "மோட்டார்ல கை வச்சிராதீக" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது சிக்கல் தெளிவாகிவிட்டது. மோட்டார் ஓடினால் பதிவு கெடும், ஓடாவிட்டால் அவளுக்குப் பிடிமானம் போகும். சோதித்தும் பார்த்தோம். கரண்ட் இல்லாதபோது பாடச் சொன்னால், அதே கட்டையில் தொடங்கினாலும் போகப் போகக் கைப்பிடி இல்லாத படியில் இறங்குவது போலத் தடுமாறினாள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மோட்டார் அவள் காதுக்குத்தானே வேண்டும், மைக்குக்கு வேண்டாமே!

பிடுங்கி எறியவேண்டும் என்று நான் துரத்தித் திரிந்த அதே மோட்டார் சத்தத்தை, ஒரு கேசட்டின் ஒரு பக்கம் முழுக்கப் பயபக்தியோடு பதிந்தேன். அதை என் வாக்மேனில் போட்டு அவள் காதில் மாட்டுவது. பாட்டை, பேட்டரியில் ஓடும் டேப் ரெக்கார்டரில் பதிவது. கரண்ட் போய் எங்கள் மலையடிப் பள்ளத்தாக்கில் எல்லா மோட்டாரும் அடங்கும் நேரத்தில் இதைச் செய்துவிட வேண்டும்.

அதுவரை தினமும் தவறாமல் போய்க்கொண்டிருந்த கரண்ட், நாங்கள் காத்திருக்கத் தொடங்கியதும் போவதை நிறுத்திவிட்டது. டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு பல்பையே பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். அது எங்களைப் பார்த்து ஜம்மென்று எரியும். ஒரு முறை போனது. ஆனால் வாக்மேன் பேட்டரி பழசு. பாட்டு நடுவில் வாக்மேன் சுற்றுவது தளர்ந்தது, காதில் மோட்டார் சத்தம் இறங்கியது, அவளும் விடாமல் கூடவே இறங்கினாள். கடைசி வரியில் ஆண் குரலாகிவிட்டது. புதுப் பேட்டரி வாங்க ஓடைப்பட்டிக்குப் போய் வருவதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

கடைசியில் அது போனது ஒரு வெள்ளிக்கிழமை காலை, அம்மா தங்கச்சியின் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது. பல்பு அணைந்தது. மோட்டார் பெருமூச்சு விட்டு நின்றது. எங்கோ பக்கத்துத் தோட்டத்தில், "ஏலே, கரண்டு போச்சுடா, பாதிப் பாத்தி கெடக்கே!" என்று ஒருவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகக் கத்தினார். நாங்கள் இருவரும், "போயிருச்சு! போயிருச்சு!" என்று கைதட்டிக்கொண்டு ஆடினோம். வாய்க்கால் ஓரத்தில் மண்வெட்டியோடு நின்ற அப்பா, "கரண்டு போனதுக்கு ஆட்டம் போடுற குடும்பத்த இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார்.

எண்ணெய் வழியும் தலையோடு தங்கச்சி பந்தலுக்கு ஓடினாள். கொத்துக்கள் தலைக்கு மேல் தொங்க, நடுப் பந்தலில் நின்றாள். வாக்மேனை மாட்டினேன். காதில் மோட்டார் ஓடத் தொடங்கியதும் பழக்கத்தில், "அக்கா, தண்ணி எந்தப் பாத்தில ஓடுது?" என்று கத்தினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு மெதுவாகப் பாடும்படி சைகை காட்டினேன். கண்ணை மூடிப் பாடத் தொடங்கினாள். பள்ளத்தாக்கே வாயை மூடிக்கொண்டிருந்தது. அவள் குரல் மட்டும், எதன் மேலும் சாயாமல் தனியாக நின்றது. அவள் காதுக்குள் அவளுடைய மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். டேப்பை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

கடைசிக் 'காத்தே'யை அவள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் வந்துவிட்டது. அப்பா ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருந்ததால் மோட்டார் தானாகவே கிளம்பியது. பின்னால் கம்ப்யூட்டரில் கேட்டபோது, எந்த இடத்தில் அவள் முடித்தாள், எந்த இடத்தில் மோட்டார் சேர்ந்தது என்று எனக்கே தெரியவில்லை. படத்தைப் பார்த்துத்தான் வெட்டினேன். பேட்டரி டேப்புக்கே உரிய உஸ் என்ற இரைச்சல் மட்டும் மிச்சம் இருந்தது. அவள் பாடத் தொடங்குமுன் இருந்த துளி இடத்தைக் காட்டி, இழுப்பானை முப்பதில் வைத்து அழுத்தினேன். சுத்தமாக வந்தது. நூறில் வைக்கக் கை பரபரத்தது உண்மைதான், கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

அனுப்பினோம். நேரில் வந்து பாடிக் காட்டச் சொல்லி மதுரை வானொலி நிலையத்திலிருந்து அட்டை வந்தது. அட்டையைக் கண்டதும் எங்களுக்கு ஏற்பட்ட சந்தோஷம் பஸ் ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டும்போது பயமாகிவிட்டது. வாக்மேனை மாட்டிக்கொண்டா பாட விடுவார்கள்?

விடவில்லை. வாசலிலேயே பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே பாடும் அறையின் கதவு தலையணை போலத் தடித்திருந்தது. அது திறந்து மூடும்போது உள்ளிருந்து ஒரு பொட்டுச் சத்தமும் வரவில்லை. தங்கச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, அங்கன ஒண்ணுமே கேக்கலக்கா" என்றாள். அவளுக்கு முன்னால் போனவர் பாடி முடித்து வெளியே வரும் வரை என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் மனதுக்குள் டீச்சர் ட்ரெயினிங் விண்ணப்பம் எழுதத் தொடங்கிவிட்டேன்.

திடீரென்று கையை விட்டாள். எழுந்து வராந்தாவின் ஓரத்துக்குப் போய் அண்ணாந்து நின்றாள். அங்கே ஒரு பழைய டியூப்லைட், பக்கத்தில் போனால் மட்டும் கேட்கும்படி ஙொய்யென்று முனகிக்கொண்டிருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு அதோடு சேர்ந்து முனகினாள், மோட்டாரின் அதே முனகல். திரும்பி என்னைப் பார்த்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"நம்ம தோட்டத்துக் கரண்டுதான்க்கா இங்கனயும் ஓடுது!"

பெயரைக் கூப்பிட்டார்கள். அந்தச் சுருதியைச் சிந்தாமல் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, 'ம்ம்ம்' என்றபடியே அந்தத் தடித்த கதவுக்குள் போனாள். உள்ளே நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். கண்ணாடி போட்ட ஓர் அம்மா, சுருதிப் பெட்டியை அஞ்சரைக் கட்டையில் வைத்திருக்கிறார். இவள், "கொஞ்சம் கொறைங்கம்மா" என்றிருக்கிறாள். அஞ்சுக்கு வைத்தாராம். "இப்ப கொஞ்சம் கூட்டுங்க." அந்த அம்மா சின்னத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருக, இவள் முனகிக்கொண்டே நின்று, "ஆங், இதுதான்" என்றிருக்கிறாள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி, "இவ்வளவு நுணுக்கமா கேக்குறியே, யார்கிட்ட பாட்டு கத்துக்கிட்ட?" என்று கேட்டாராம். இவள் கொஞ்சமும் யோசிக்காமல், "எங்கப்பா மோட்டார்கிட்ட" என்று சொல்லிவிட்டாள். அப்பா மோட்டார் கம்பெனி வைத்திருக்கிறார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்களாம்.

எடுத்துக்கொண்டார்கள். சின்னமனூர் கீபோர்டுக்காரர் செய்தி கேட்டு வீட்டுக்கே வந்து, தன் கீபோர்டில் சுருதியைத் துளித் துளியாக ஏற்றி இறக்க ஒரு வசதி இருப்பதைக் காட்டி, அதைத் தட்டித் தட்டி மோட்டாரோடு சேர்த்து வைத்துவிட்டு, அவளுக்கு ஒரு மணி நேரம் வாசித்துவிட்டுப் போனார்.

பாட்டு ஒலிபரப்பான அன்று தோட்டமே எங்கள் வீட்டு வாசலில் கூடிவிட்டது. பந்தல் கம்பியில் ரேடியோ தொங்கியது. நல்ல த்ரீ பேஸ் நேரம், மோட்டார் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்தது. அறிவிப்பாளர் ஏதோ சொன்னார், ஒருவருக்கும் கேட்கவில்லை. நான் அப்பாவைப் பார்க்கவில்லை. கேட்டுப் பயனில்லை என்று எனக்குத் தெரியும்.

அப்பா தானாகவே எழுந்தார். மோட்டார் அறைக்குள் போனார். மோட்டார் நின்றது.

பிஞ்சு, காய், வாழை என்று சொல்லிச் சொல்லி, தன் நிச்சயதார்த்தத்துக்குக்கூட நிறுத்தாத மோட்டாரை அவர் நிறுத்தியது அன்றுதான். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். 'காத்தே காத்தே மேகாத்தே' என்று பந்தல் கம்பியிலிருந்து தங்கச்சியின் குரல் வந்தது. வேலைக்காரப் பெண்கள், "நம்ம பிள்ளடி! நம்ம பிள்ளடி!" என்று ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டார்கள். தங்கச்சி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்பாவின் முகம் மட்டும் சரியாக இல்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்தார், இன்னொரு பக்கம் சாய்த்தார். முதல் அடி முடிந்தது. "நல்லாத்தான் இருக்கு. என்னமோ கொறையுதே" என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து விறுவிறுவென்று மோட்டார் அறைக்குப் போனார்.

மோட்டார் கிளம்பியது. ரேடியோவில் தங்கச்சி இரண்டாவது அடியின் முடிவுக்கு வந்துகொண்டிருந்தாள். அந்தக் 'காத்தே' இறங்கி வந்து, அச்சாக மோட்டாரின் மேல் உட்கார்ந்தது. வாய்க்காலில் தண்ணீர் புரண்டு வந்தது.

அப்பா கதவருகே நின்று, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இந்தா, இப்பத்தான் எம்பிள்ள பாடுறா."

நான் சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் எழுந்துபோய், ரேடியோவின் சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்தேன்.